வாலோடு பிறந்த பிள்ளைகள்

எங்கள் வீட்டில் ஒரு சீமாட்டி பல வருடம் குடியிருந்தாள். மூக்கு சப்பை. வாயோரம் எப்போதும் எச்சில் வழியும். படுத்தாளென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து உட்காரும்படி குறட்டை விடுவாள். பாம்பன் பாலத்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, சுதந்திரம் வந்து சில வருடம் கழித்து ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறும்போது அய்யாவிடம் விட்டுவிட்டுப் போன பாக்ஸர் நாய் அவள். துரை அவளைப் புளோரா என்று கூப்பிட்டார். எங்கள் தெருவில் உபதேசியாரின் மனைவிக்கும் அதே பெயர். காலையும் மாலையும் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி அதட்டுவது சரிப்பட்டு வராது என்று அம்மாதான் சீமாட்டி என்று மாற்றினாள்.

அய்யா மீன்பிடிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் துரையைப் படகில் ஏற்றிக்கொண்டு தூண்டில் போடக் கூட்டிப்போவார். நாயும் கூடவே போகும். துரை சொன்னால் உட்காராத நாய் அய்யா சொன்னால் உட்காரும். தமிழில் சொல்வதால்தான் அதற்குப் புரிகிறது என்பார் அய்யா. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று துரைக்கு ஆசை வந்தது. மதுரையில் இன்னொரு துரை வீட்டில் தகுந்த மாப்பிள்ளை இருந்தான். பெண்ணை ரயிலில் கொண்டுபோய்ச் சேர்த்து, முடிந்ததும் திருப்பிக் கூட்டிவருகிற பொறுப்பு அய்யாவுக்கு. போனார், சில நாள் இருந்தார், வந்தார். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டவர்களிடமெல்லாம், அசல் போலீஸ் இன்ஸ்பெக்டர் மாதிரி இருந்ததாகச் சொன்னார்.

துரை போன பிறகு சீமாட்டிக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. ஊரில் அவளுக்கு வந்த மரியாதையை அதற்கு முன்னும் பின்னும் எந்த வாயும் வயிறுமானவளுக்கும் நான் பார்த்ததில்லை. துரை வீட்டு நாயின் குட்டி ஒன்று வாசலில் கிடந்தால் தாங்களும் பாதித் துரை ஆகிவிடலாம் என்று பலருக்கு எண்ணம். ரயில்வேக்காரர் ஒருவர் முட்டை கொண்டுவந்து கொடுத்தார். சங்கு வியாபாரி ஒருவர் அவளுக்கென்று நண்டு அனுப்பினார். டீக்கடைக்காரர் தினமும் பால் ஆடையைத் தனியாக எடுத்துவைத்தார். ஒவ்வொருவரும் போகும்போது, எனக்கு ஒரு கடுவன் குட்டி, மறந்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நண்டில் பாதியை நாங்கள் சாப்பிட்டோம். சீமாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணியில் ஐந்து குட்டிகள் பிறந்தன. ஐந்துக்கும் வால் இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சீமாட்டிக்கு வால் கிடையாது. வால் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மொட்டை. சந்தோஷம் வந்துவிட்டால் அதை ஆட்டுவது போதாமல் இடுப்பையே ஆட்டுவாள். மதுரை மாப்பிள்ளைக்கும் அப்படித்தான். ஆகவே உயர்ந்த சாதி நாய்கள் வாலில்லாமல்தான் பிறக்கும், வால் என்பது நம்மூர் நாய்களுக்கு உள்ள கேவலம் என்று ஊர் முழுவதும் நம்பியிருந்தது. அய்யாவும் நம்பியிருந்தார். குட்டிகளைப் பார்க்க வந்தவர்கள் சாக்கை விலக்கிப் பார்த்தார்கள். எலிவால் போல ஐந்து வால்கள் நெளிந்துகொண்டிருந்தன. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மதுரையில ஏதோ தப்பு நடந்துபோச்சு" என்றார் சங்கு வியாபாரி. நண்டு கொடுத்தவர் என்பதால் அவருக்கு அப்படிச் சொல்ல உரிமை இருந்தது.

அவர்கள் போன பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள். "இங்கேருங்க, மாப்பிள்ளையும் பொண்ணும் ஒண்ணா இருந்தத நீங்க கண்ணால பாத்தீகளா?"

அய்யா வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அம்மா விடவில்லை. கடைசியில் அய்யா ஒப்புக்கொண்டார். நாயைத் துரை வீட்டுச் சமையல்காரனிடம் விட்டுவிட்டு இரண்டு ஆட்டம் சினிமா பார்க்கப் போயிருந்தாராம். மதுரைக்குப் போய்விட்டு சினிமா பார்க்காமல் வருவதா என்று தோன்றியதாம். அந்த இரண்டு ஆட்ட நேரத்துக்குள் மதுரைத் தெருவில் எந்தப் பயல் சுவரேறிக் குதித்தானோ, அதற்கு அவரால் சத்தியம் செய்ய முடியாது. அம்மா வெகுநேரம் சிரித்தாள். அய்யாவுக்கு முகம் கறுத்துவிட்டது. சீமாட்டியைக் கூட அவர் இரண்டு நாள் நேராகப் பார்க்கவில்லை.

குட்டிக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். டீக்கடைக்காரரால் மட்டும் கழல முடியவில்லை. அவருடைய கடைக்குட்டிப் பெண் கண் திறக்காத ஒரு குட்டியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு கீழே விட மாட்டேன் என்றுவிட்டாள். அவர் தலையிலடித்துக்கொண்டு, சரி, வளர்ந்ததும் வந்து எடுத்துக்கொள் என்றார். மிச்சம் நான்கு.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். குட்டிகள் என் பொறுப்பு. யாரும் ஒப்படைக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். சீமாட்டிக்குக் காய்ச்சல் கண்டு பால் குறைந்தபோது ஆட்டுப்பாலில் துணியை நனைத்து ஒவ்வொன்றுக்கும் உறிஞ்சக் கொடுத்தேன். கொஞ்சம் வளர்ந்ததும் சூடை மீனை அவித்து முள் பார்த்துப் பிசைந்து கேப்பைக் கூழில் கலந்து வைப்பேன். நாலு கிண்ணம் வைத்தாலும் எல்லாம் ஒரே கிண்ணத்தில்தான் தலையை விடும். ஒன்று அதற்குள்ளேயே உட்கார்ந்துவிடும். பல் முளைத்ததும் அய்யாவின் வலையைப் பதம் பார்த்தன. அன்று அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். சீமாட்டி குறுக்கே வந்து படுத்துக்கொண்டு அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் அடிக்க முடியாது. அம்மா விளக்குமாற்றால் தரையைப் பெருக்கிவிட்டுப் போனாள்.

பெயர் மட்டும் வைக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பெயர் வைத்தால் பிரிய மனசு வராது. நான் சரியென்றேன். ஆனால் கடைசியாகப் பிறந்த நெஞ்சில் வெள்ளை உள்ள குட்டியை எனக்குள் வெள்ளையன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளியில் சொல்லாத பெயர் கணக்கில் வராது என்று நினைத்தேன்.

பிரிய வேண்டியதற்குக் காரணம் காற்று. எங்கள் தீவில் தென்காற்று அடிக்கிற வரை வடகடலில் தொழில். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் வடகடலில் படகு நிற்காது. சட்டி பானை, வலை, கோழி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு தென்கடல் கரைக்குப் போய் ஓலைக் குடிசை போட்டுக்கொள்வோம். வாடை ஓயும் வரை அங்கேதான். ஆறு பேர் நுழைந்தால் நிறைந்துவிடுகிற குடிசையில் சீமாட்டிக்கு இடம் உண்டு, அவள் பிள்ளைகளுக்குக் கிடையாது. அதுவரை வீடு கிடைக்காத குட்டிகளை என்ன செய்வது என்பதைத் தாய்மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எளிதாகச் சொன்னார். தீவில் விட்டுவிட வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்தில் வேண்டாத நாயைக் கொல்ல மாட்டார்கள், பாவம் வரும். படகில் ஏற்றி எதிரே உள்ள ஆளில்லாத தீவுகளில் ஒன்றில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். அங்கே நண்டு உண்டு, பறவை முட்டை உண்டு, நிழல் உண்டு என்று சொல்லிக்கொள்வார்கள். குடிதண்ணீர் கிடையாது என்பதை யாரும் பேச்சில் எடுப்பதில்லை. நான் ஒருமுறை படகில் அந்தப் பக்கம் போனபோது கரையில் ஒரு நாய் எங்கள் படகையே பார்த்துக்கொண்டு நின்றது. குரைக்கக்கூட இல்லை. அதை நினைத்து நான் ராத்திரிச் சோறு சாப்பிட மாட்டேன் என்றேன். வெள்ளையனை அந்த மணலில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தாய்மாமா கெட்டவர் அல்ல. அழுகிற பிள்ளையைத் தேற்ற அவர் ஒரு யோசனையும் கொண்டுவந்தார். "அக்கா, வால் இருந்தாத்தான நாட்டு நாயி? வெட்டிப்புட்டா யாருக்குத் தெரியும்? புண்ணு ஆறுனதும் கொண்டுபோயிக் காட்டுவோம், இன்னொரு ஈத்துன்னு சொல்லிருவோம்." கையில் அரிவாள்மணையோடு வந்திருந்தார். நான் குட்டிகள் கிடந்த கடகப் பெட்டியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். ஓலைக்கடகம் அமுங்கி உள்ளே குட்டிகள் கத்தின. சீமாட்டி தாய்மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள், கடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்டு அய்யா வந்தார்.

"ஏலே, வேணாம். பொறந்தபடியே போகட்டும். இதுல ஏமாத்து வேல எதுக்கு?" என்றார்.

பல வருடம் கழித்து, கல்யாணமாகி நான் திருச்சியில் இருந்தபோது, ஒரு டாக்டர் வீட்டில் பாக்ஸர் குட்டிகளைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் வாலில் கட்டுப் போட்டிருந்தது. பிறக்கும்போது எல்லாம் நீள வாலோடுதான் பிறக்கும் அம்மா, அழகுக்காகச் சின்னதிலேயே நறுக்கிவிடுவோம் என்றார் அந்த வீட்டு அம்மாள். நான் அங்கேயே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தாய்மாமா அரிவாள்மணையோடு செய்ய வந்த மோசடியைத்தான் சீமையில் முறையாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். சீமாட்டி பத்தினியாகவே இருந்திருக்கிறாள், அய்யா பார்த்த இரண்டு ஆட்டமும் குற்றமற்ற ஆட்டங்கள். இதைச் சொல்ல அப்போது அய்யா உயிரோடு இல்லை.

வாடைக்கு முன்னால் வீடு தேட வேண்டும். அய்யாவுக்குச் சிக்கல் என்ற ஊர்ப் பக்கம் சில விவசாயக் குடும்பங்களோடு பழக்கம் உண்டு. கருவாடு கொடுத்து நெல்லும் மிளகாயும் வாங்கிவருவார். அங்கே நாய் வேண்டியிருக்கும் என்று அவர் கணக்கு. நான் வந்தால்தான் குட்டிகள் கத்தாமல் வரும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். கிளம்புகிற அன்று காலையில் என்னிடம் ஒன்று சொன்னார்.

"நீ வளத்த பிள்ளைக. நீ பாத்துப் பிடிச்சிருக்குன்னு சொல்ற வீட்டுலதான் குடுப்போம். பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லணும். எனக்காகச் சொல்லக் கூடாது."

என்னிடம் அதுவரை யாரும் எதிலும் அபிப்பிராயம் கேட்டதில்லை. எந்தச் சட்டை போட வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. ரயிலேறும்போது நான் கொஞ்சம் வளர்ந்துவிட்டது போல இருந்தது.

நான்கு குட்டிகளையும் கடகத்தில் வைத்து மேலே ஓலை மூடியைக் கட்டியிருந்தோம். பாலத்தைத் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். கடகத்தைத் தட்டி, இது என்ன என்று கேட்டார்.

"கருவாடுங்க" என்றார் அய்யா.

கருவாடு உள்ளேயிருந்து குரைத்தது. பெட்டியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பரிசோதகர் சிரிக்கவில்லை. மூடியை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்ததும் முதலில் வெளியே தலை நீட்டிய குட்டி அவருடைய பென்சிலைக் கவ்விக்கொண்டது. அவர் இழுத்தார், அது விடவில்லை. ராமநாதபுரம் வருவதற்குள் அவர் எங்கள் எதிரே உட்கார்ந்து, தனக்கு மூன்று பையன்கள், ரயில்வே குடியிருப்பில் வீடு, முன்னால் பெரிய வேப்பமரம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வால் அவர் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. அய்யா என் பக்கம் திரும்பினார். பென்சில் முழுவதும் எச்சிலான பிறகும் அந்த மனிதர் அதைத் துடைக்காமல் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். பிடித்திருக்கிறது என்றேன். முதல் குட்டி அவரோடு போனது.

சிக்கலில் முதலில் போனது ஒரு பெரிய வீடு. காரை வீடு, வைக்கோல்போர், மாடுகள். வீட்டுக்காரர் நல்லவிதமாகப் பேசினார். இரண்டு குட்டிகளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மோர் கொடுத்தார்கள். நான் மோரைக் குடித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனேன். அங்கே ஒரு கிழட்டு நாயைக் கட்டியிருந்தார்கள். சங்கிலி மிகக் குட்டை, படுக்கலாம், திரும்ப முடியாது. பக்கத்தில் தண்ணீர்ச் சட்டிக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. என் மோரில் மிச்சமிருந்ததை அந்தச் சட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன். அய்யா பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அய்யா ஏன் என்று கேட்கவில்லை.

"இன்னொரு நா வாரோம்யா" என்று கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். மீதியிருந்த மூன்று குட்டிகளில் இரண்டுக்கு நல்ல சோறு கிடைக்கிற வீட்டை ஒன்பது வயசுப் பெண் தலையாட்டியதற்காக விட்டுவிட்டு வெயிலில் நடந்தார் அந்த மனிதர்.

ஊர்க்கோடியில் மிளகாய் போட்டிருந்த ஒரு குடும்பம். மண்வீடு. புருஷன் பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். அய்யா இந்தத் தடவை முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டார். தாய்க்கு வாலில்லை, பிள்ளைகளுக்கு வால் இருக்கிறது, தகப்பன் யாரென்று தன்னால் உறுதி சொல்ல முடியாது. அந்தப் பெண்சாதி மிளகாயைத் துழாவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாலில்லாத நாய வெச்சுக்கிட்டு என்னத்தச் செய்ய? அது சந்தோசமா இருக்கா, கோவமா இருக்கான்னு எதப் பாத்துத் தெரிஞ்சுக்கிறது?" என்றாள். "வாலுள்ளதாக் குடுங்க."

அவள் கை முழுக்க மிளகாய் நெடி. குட்டியைத் தொடுவதற்கு முன்னால் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். பிடித்திருக்கிறது என்று நான் அய்யா கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது குட்டி ஏர்வாடியில் ஒரு தென்னந்தோப்புக்குப் போனது. தோப்புக்காரர் ராவுத்தர், அய்யாவுக்குக் கருவாட்டில் பழக்கம். "வீட்டுக்குள்ள விடமாட்டோம், தொழுகுற இடம். தோப்பு பூராவும் அதோடதுதான். இன்ஷா அல்லாஹ், ஒரு கொறையும் இருக்காது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவருடைய பெண்கள் நான்கு பேரும் அதற்குள் தென்னை மட்டையும் கிடுகும் வைத்து ஒரு வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஆளுக்கொரு யோசனை சொல்லிச் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையே எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பி வரும்போது கடகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. வெள்ளையன். மூடி கூடத் தேவைப்படவில்லை, என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தான். ஒரே ஒரு குட்டிதானே, சீமாட்டியோடு சேர்ந்து ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகும் என்று வழியெல்லாம் அய்யாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனால் அய்யா முந்திக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு நடை காரங்காட்டுக்குப் போயிட்டு வருவோம்" என்றார்.

காரங்காட்டில் என் அத்தை இருந்தாள். அய்யாவின் ஒரே தங்கச்சி. அவளைப் பற்றி எங்கள் வீட்டில் அதிகம் பேச மாட்டார்கள். அவளுடைய கல்யாணத்தைப் பேசி முடித்தவர் அய்யா. பிறகு அத்தையின் வீட்டுக்காரருக்கும் அய்யாவுக்கும் ஏதோ பேச்சு முற்றி, நான் பிறந்த காலத்திலிருந்து போக்குவரத்து இல்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்கு அண்ணன் தம்பிமார் சும்மா போய் நிற்கக் கூடாது. போனால் வேவு பார்க்க வந்ததாக அர்த்தம். ஞானஸ்நானம், புதுநன்மை, திருவிழா, சாவு, ஏதாவது ஒரு காரியம் இருக்க வேண்டும். அத்தைக்குப் பிள்ளை இல்லை. ஆகவே அந்த வீட்டில் ஒரு காரியமும் இல்லை.

மறுநாள் பாய் விரித்து வடகடலோரமாகவே போனோம். தென்காற்று அதன் கடைசி நாட்களில் இருந்தது. அத்தை வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வாங்கண்ணே என்று உதடு அசைந்தது. இடது கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே, "தொடுப்பு பட்டுருச்சுண்ணே" என்றாள். எனக்கு அந்தத் துடுப்பின் மேல் கோபம் வந்தது.

அத்தையின் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்தார். வழியில் கடகம் இருந்தது. குனிந்து நகர்த்தாமல் காலால் ஒரு தள்ளு தள்ளினார். கடகம் கவிழ்ந்து வெள்ளையன் வீறிட்டான்.

"என்ன திடீர்னு?" என்றார்.

"நாய்க்குட்டி ஒண்ணு குடுத்துட்டுப் போவலாம்னு வந்தேன் மாப்ள" என்றார் அய்யா.

"இங்கன நாயி எதுக்கு?"

அய்யா என்னைக் கூட்டிக்கொண்டு படகுப் பக்கம் வந்தார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

"பிடிக்கல அய்யா. அந்த மாமா கடகத்த எத்துறாரு. வேணாம், போயிருவோம்."

அய்யா, "நீ சொல்றது சரிதான் தாயி. இந்த ஒரு தடவ மட்டும் நான் சொல்றதக் கேளு" என்றார். என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அவர் நேராகப் போய் வெள்ளையனை எடுத்து அத்தையின் மடியில் வைத்தார். அவன் அவளுடைய நண்டு மணக்கிற கையை நக்க ஆரம்பித்தான். அத்தை அவனைக் குனிந்து பார்த்தாள்.

அய்யா அத்தையின் வீட்டுக்காரரிடம் மிகவும் பணிவாகப் பேசினார். "மாப்ள, ஒரு விசயம் இருக்கு. இது சாதாரண நாயி இல்ல. துரை கப்பலேறும்போது எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காரு. குட்டிக எங்கன இருந்தாலும் மாசா மாசம் நான் நேருல போயிப் பாத்து, நல்லா இருக்கான்னு சீமைக்குத் தெரியப்படுத்தணும். நான் வந்து போனா நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

இது முழுப்பொய். மற்ற எந்த வீட்டிலும் அய்யா இப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அய்யா என் கையைப் பிடித்து அழுத்தினார். வலித்தது. துரைகள் போய்விட்டாலும் துரை என்ற சொல்லுக்கு அப்போது இன்னும் கொஞ்சம் மதிப்பு இருந்தது. அத்தையின் வீட்டுக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"சீமைக்கா?" என்றார். பிறகு, "பாக்குறதுன்னா பாத்துட்டுப் போங்க" என்றார்.

பாம்பன் வந்து சேரும் வரை நான் அழுதேன். அய்யா சொன்ன வாக்கை அய்யாவே மீறிவிட்டார், அதுவும் என் வெள்ளையன் விஷயத்தில். இருக்கிறதிலேயே மோசமான வீட்டைப் பார்த்து அவனைக் கொடுத்துவிட்டார். வாடை வந்தது, தென்கடலுக்குப் போனோம். பல நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் தாங்கிக்கொண்டார். மாதம் பிறந்ததும் கடலுக்குப் போகாமல் ஒரு நாள் ரயிலும் பஸ்ஸும் பிடித்துக் காரங்காட்டுக்குப் போய்விட்டு வந்தார். அடுத்த மாதமும் போனார். வாடை ஓய்ந்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வெள்ளையன் என் இடுப்பளவு வளர்ந்திருந்தான். நீளமான வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டான். அத்தை கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பேசும்போது அவள் கை தானாகவே நாயின் தலையில் இருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஏதோ சத்தமாகக் கேட்டபோது வெள்ளையன் எழுந்து போய் அத்தையின் காலோடு ஒட்டி நின்றுகொண்டான். குரைக்கவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே சத்தம் தணிந்தது.

அய்யா புங்கமரத்தடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, நாயைக் கால்களுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் வாசல் நிலையில் பற்றவைக்காத பீடியோடு வந்து நின்றார். அய்யா அவரைப் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. நாயின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏலே, வேளா வேளைக்குச் சாப்புடுறியா?"

"சாப்புடுதுண்ணே" என்றாள் அத்தை.

"யாரும் கைய நீட்டுறாகளா?"

அத்தை நாயின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "முன்ன மாதிரி இல்லண்ணே" என்றாள். கொஞ்சம் கழித்து, "இப்ப இல்ல" என்றாள்.

"நம்ம வீட்டுக்கு வந்துரணும்னு தோணுச்சுன்னா எப்ப வேணும்னாலும் சொல்லிரு. படகு இருக்கு. யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"சொல்லிரும்ணே" என்று அத்தை சொன்னாள். முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

இவ்வளவு பெரிய ஆள் நாயிடம் உட்கார்ந்து இதையெல்லாம் விசாரிப்பதையும், நாய் சும்மா இருக்க அத்தை அதற்காகப் பதில் சொல்வதையும் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர்களும் சிரிப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அந்த வாசலில் அன்று சிரித்தது நான் ஒருத்திதான்.